கொலோனோஸ்கோபில ஒண்ணும் இல்லன்னு சொன்ன பிறகும் வர்ற குடல் கேன்சர்: எப்படி தயாராகறது, ரிப்போர்ட்ட எப்படி படிக்கறது, எப்ப திரும்ப போறது

அம்மா அரிசி களையும்போது ஒரு கை பச்சரிசிய எடுத்து வாயில போட்டு மென்னுக்கிட்டே இருப்பாங்க. முதல்ல நாங்க யாரும் பெருசா கவனிக்கல, கேட்டா "சும்மா, நல்லாருக்குடா"ன்னு சிரிப்பாங்க. அப்புறம் மாடிப்படில பாதி ஏறிட்டு நின்னு கைப்பிடிய புடிச்சு மூச்சு வாங்க ஆரம்பிச்சாங்க, ரத்த டெஸ்ட் எடுத்தா ஹீமோகுளோபின் 7.8. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினாரு. குடல்ல ஏதாவது இருக்குமான்னு அக்கா கேட்டா. ரெண்டு வருஷம் முன்னாடி தான கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியா கேமரா விட்டு பெருங்குடல பாக்கற டெஸ்ட்) எடுத்தீங்க, அதுல தான் ஒண்ணும் இல்லன்னு வந்துருச்சேன்னாரு. நாங்களும் நிம்மதியா தலையாட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டோம். அஞ்சு மாசம் மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவே இல்ல, வேற டாக்டர் கிட்ட போய் திரும்ப கொலோனோஸ்கோபி எடுத்தப்ப வலது பக்க பெருங்குடல்ல கட்டி, மூணாவது ஸ்டேஜ். ஆபரேஷன் ஆச்சு, ஆறு மாசம் கீமோ ஆச்சு, இப்ப அம்மா நல்லா இருக்காங்க. ஆனா அந்த அஞ்சு மாசம் இன்னும் எனக்கு தொண்டைல சிக்கின மாதிரி தான் இருக்கு. அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்சது, டாக்டர்கள் கிட்ட கேட்டு தெரிஞ்சுக்கிட்டது, ரெண்டாவது தடவ நாங்க வேற மாதிரி செஞ்சது எல்லாத்தையும் இங்க எழுதறேன், வீட்ல யாருக்காவது கொலோனோஸ்கோபி எடுக்கப்போறீங்கன்னாலோ ஏற்கனவே எடுத்து முடிச்சிருந்தாலோ தயவு செஞ்சு முழுசா படிங்க.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். கொலோனோஸ்கோபி வேஸ்ட்னு நான் சொல்ல வரல. பெருங்குடல் கேன்சர கண்டுபிடிக்கவும், பாலிப்பா, அதாவது குடல் சுவர்ல சின்ன சதை வளர்ச்சியா, இருக்கும்போதே எடுத்து அது கேன்சரா மாறாம தடுக்கவும் இத விட நல்ல டெஸ்ட் இல்ல, சரியா செஞ்சு நார்மல்னு வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு பல வருஷத்துக்கு எதுவும் வராது. ஆனா "நார்மல்"ங்கற வார்த்தைக்கு ஒரு அளவு இருக்கு. அன்னிக்கு குடல் எவ்ளோ சுத்தமா இருந்துச்சு, கேமரா எவ்ளோ தூரம் போச்சு, பாத்தவரு எவ்ளோ நிதானமா பாத்தாரு, அதுக்குள்ள தான் அந்த நார்மல்.

ஒரு கொலோனோஸ்கோபில கேன்சர் இல்லன்னு சொல்லி, அடுத்த டெஸ்ட்டுக்கு கொடுத்த தேதி வர்றதுக்கு முன்னாடியே கேன்சர் வந்தா அத இன்டர்வல் கேன்சர்னு சொல்றாங்க. இது எவ்ளோ நடக்குதுன்னு இங்கிலாந்துல ஒழுங்கா கணக்கு எடுத்திருக்காங்க, 2019ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. கொலோனோஸ்கோபி செஞ்சு மூணு வருஷத்துக்குள்ள பெருங்குடல் கேன்சர்னு தெரிஞ்சவங்கள எடுத்துக்கிட்டா, அதுல அந்த டெஸ்ட்லயே தெரியாம ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷத்துக்குள்ள தெரிஞ்சவங்க 2005ல 9 சதவீதம், 2013ல 6.5 சதவீதமா குறைஞ்சிருக்கு. இதுல எனக்கு முக்கியமா பட்டது வேற ஒண்ணு. அதே நாட்ல, அரசாங்கத்தோட ஸ்கிரீனிங் (தொந்தரவு இல்லாதவங்களயும் முன்கூட்டியே பாக்கறது) திட்டத்துக்குள்ள, தனியா பயிற்சி குடுத்து கண்காணிச்சு செய்யற டாக்டர்கள் பண்ணின டெஸ்ட்ல இது 3.6 சதவீதம் தான். அப்ப இது வெறும் தலையெழுத்து இல்ல, செய்யற விதத்துல குறைக்க முடியற விஷயம்.

ஏன் வருதுன்னா, பெரும்பாலும் அது புதுசா வேகமா முளைச்சது இல்ல. பழைய எட்டு ஆராய்ச்சிகள சேத்து, பாலிப் எடுத்த 9,000 பேருக்கு மேல பின்தொடர்ந்து பாத்து 2014ல ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல இடையில கேன்சர் வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு கொஞ்சம் மேல முதல் தடவ கண்ணுல படாம போனது, அஞ்சுல ஒருத்தருக்கு பாலிப்ப எடுத்தப்ப அடில கொஞ்சம் மிச்சம் நின்னது, நாலுல ஒருத்தருக்கு தான் நெஜமாவே புதுசா வந்தது. ஒருத்தருக்கே ஒரே நாள்ல ரெண்டு தடவ கொலோனோஸ்கோபி செஞ்சு பாத்த ஆராய்ச்சியெல்லாம் இருக்கு, அதுல முதல் தடவ பாக்கும்போது நாலுல ஒரு அடினோமா (பின்னாடி கேன்சரா மாறக்கூடிய வகை பாலிப்) விட்டுப்போகுது, பெரும்பாலும் குட்டி குட்டியா இருக்கறது தான்.

வலது பக்கம் தான் அதிகமா விட்டுப்போகுது. அங்க சில பாலிப் காளான் மாதிரி தூக்கிக்கிட்டு நிக்காது, தட்டையா, குடலோட நிறத்துலயே, மேல சளி மாதிரி ஒரு போர்வை போத்திக்கிட்டு படுத்திருக்கும், அத செரேட்டட் பாலிப்னு சொல்றாங்க. கழுவி விட்டு பாத்தா தான் தெரியும். குடல் கொஞ்சம் அழுக்கா இருந்துட்டா அந்த சளிக்கும் அழுக்குக்கும் வித்தியாசமே தெரியாது. அதோட முதல்ல வர்ற பேதி இடது பக்கத்த தான் சுத்தம் பண்ணும், வலது பக்கம் தான் கடைசியா சுத்தமாகும், சிறுகுடல்ல இருந்து விடிய விடிய பித்தம் கலந்த பிசுக்கு வந்து அங்க ஒட்டிக்கிட்டே இருக்கும். அதனால தான் சுத்தம் பண்றத பத்தி இவ்ளோ நீளமா எழுதப்போறேன், ஏன்னா இந்த மொத்த விஷயத்துல நம்ம கைல முழுசா இருக்கறது இது ஒண்ணு தான்.

அம்மாவோட முதல் டெஸ்ட் அப்ப என்ன நடந்துச்சுன்னு ஆபரேஷனுக்கு அப்புறம் தான் சொன்னாங்க. முந்தின நாள் மதியம் முருங்கைக்கீரை பொரியல் சாப்பிட்டிருக்காங்க, யாரும் வேண்டாம்னு சொல்லல. ராத்திரி ரெண்டு லிட்டர் மருந்துத் தண்ணிய குடிக்க ஆரம்பிச்சு பாதிலயே குமட்டி, மிச்சத்த பேசாம சிங்க்ல ஊத்திட்டு படுத்துட்டாங்க. காலைல நர்ஸ் "மோஷன் போச்சாம்மா"ன்னு கேட்டப்ப "போச்சு"ன்னு சொல்லிட்டாங்க. கூச்சம் தான். அறுபது வயசு பொம்பள ஆளுங்க முன்னாடி மோஷன் என்ன கலர்ல போச்சுன்னு எப்படி சொல்லுவாங்க. தயவு செஞ்சு வீட்ல பெரியவங்கள தனியா இந்த வேலைய செய்ய விடாதீங்க, கூட உக்காருங்க.

ரெண்டாவது தடவ நாங்க பண்ணினது இது. மூணு நாள் முன்னாடில இருந்தே கீரை, முருங்கைக்காய், சுண்டல், கொள்ளு, கேழ்வரகு, கம்பு, கொய்யா, மாதுளை, விதை உள்ள கத்தரிக்காய் வெண்டைக்காய் தக்காளி, எள்ளு எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. சாதம், இட்லி, ரசம், தயிர், முட்டை, முள் இல்லாத மீன், இவ்ளோ தான். சாதாரணமா முந்தின நாள் மட்டும் இப்படி இருந்தாலே பலருக்கு போதும், ஆனா மலச்சிக்கல் உள்ளவங்க, சர்க்கரை உள்ளவங்க, முன்னாடி ஒரு தடவ சரியா சுத்தமாகாதவங்க ரெண்டு மூணு நாள் இருக்கறது நல்லது. இரும்பு மாத்திரை சாப்பிட்டா ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தணும், அது மலத்த கருப்பா பிசின் மாதிரி ஆக்கிடும், கழுவினாலும் போகாது, அம்மா அஞ்சு மாசமா அதத்தான் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. ரத்தம் கட்டாம இருக்க சாப்பிடற மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இன்சுலின் இதெல்லாம் நீங்களா நிறுத்தாதீங்க, நாலஞ்சு நாள் முன்னாடியே டாக்டர் கிட்ட ஒவ்வொண்ணா பேர் சொல்லி கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. கிட்னி, ஹார்ட் பிரச்சனை இருந்தா அதயும் முதல்லயே சொல்லிடுங்க, பேதி மருந்துல சில வகை அவங்களுக்கு ஆகாது.

மருந்த ஒரேடியா ராத்திரியே குடிச்சு முடிக்கறது தான் நம்ம ஊர்ல பழக்கமா இருக்கு. பாதிய முந்தின நாள் சாயங்காலம், மீதி பாதிய டெஸ்ட்டுக்கு நாலுல இருந்து ஆறு மணி நேரம் முன்னாடி ஆரம்பிச்சு, டெஸ்ட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி முடிச்சுடறது தான் குடல நல்லா சுத்தம் பண்ணும்னு எல்லா கைட்லைன்லயும் இருக்கு, அந்த வலது பக்கத்துக்கு இது தான் உயிர். பத்து மணிக்கு டெஸ்ட்னா காலைல நாலரைக்கு எழுந்துக்கணும். கஷ்டம் தான். அக்கா அலாரம் வெச்சு எழுந்து, மருந்துத் தண்ணிய முந்தின ராத்திரியே ஃபிரிட்ஜ்ல வெச்சிருந்தா, சில்லுன்னு இருந்தா அந்த உப்பு வழவழப்பு அவ்ளோ தெரியாது. பெரிய டம்ளர்ல ஊத்தி கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர், நடுவுல ஒரு எலுமிச்சைத் துண்ட சப்பிக்கிட்டு, குமட்டினா அரை மணி நேரம் நிறுத்தி ஹால்ல நடந்துட்டு திரும்ப. மயக்க மருந்து குடுக்கற டாக்டர் எத்தன மணில இருந்து தண்ணியே குடிக்கக்கூடாதுன்னு சொல்றாரோ அத மட்டும் முன்னாடியே கேட்டு அதுக்கேத்த மாதிரி நேரத்த வெச்சுக்கோங்க.

நடுவுல குடிக்கறதுக்கு வழுக்கை இல்லாத இளநீர், நல்லா வடிகட்டின ரசத்தண்ணி, வடிகட்டின எலுமிச்சை ஜூஸ், பால் இல்லாத டீ எல்லாம் ஓகே. பால், மோர், கஞ்சி வேண்டாம். செவப்பு, ஊதா கலர்ல எதுவும் வேண்டாம், பீட்ரூட், மாதுளை ஜூஸ், ரோஸ் கலர் சர்பத், உள்ள போய் பாக்கும்போது அது ரத்தம் மாதிரியே தெரியும்.

எப்ப சுத்தமாச்சுன்னு தெரியும்னா, கடைசியா போறது சிறுநீர் மாதிரி வெளிர் மஞ்சள்ல, அடில பீங்கான் தெளிவா தெரியற மாதிரி இருக்கணும். இன்னும் பழுப்பா, கலங்கலா, துணுக்கு துணுக்கா போச்சுன்னா உள்ள போறதுக்கு முன்னாடியே நர்ஸ் கிட்ட சொல்லிடுங்க. கூடுதலா மருந்து குடுக்கலாம், நேரத்த தள்ளி வெக்கலாம், இன்னொரு நாள் கூட மாத்தலாம். பாதி சுத்தத்தோட எடுத்த டெஸ்ட்ட விட தள்ளிப்போன டெஸ்ட் எவ்வளவோ மேல், காசும் லீவும் போகும் தான், இருந்தாலும் சொல்றேன்.

அடுத்து டாக்டர் கிட்ட என்ன கேக்கறது. ஒரு விஷயம் எனக்கு முன்னாடி தெரியாது, கேமரா உள்ள போகும்போது பாக்கறத விட வெளிய இழுத்துக்கிட்டே வரும்போது தான் மடிப்பு மடிப்பா விலக்கி பாக்கறாங்க. 2006ல அமெரிக்கால ஒரு குழுவுல 12 டாக்டர்கள கடிகாரம் வெச்சு பாத்தாங்க. சராசரியா 6 நிமிஷமோ அதுக்கு மேலயோ எடுத்து பாத்தவங்க 28 சதவீதம் பேருக்கு அடினோமா கண்டுபிடிச்சாங்க, அத விட சீக்கிரமா இழுத்தவங்க 12 சதவீதம் பேருக்கு தான். அப்புறம் 6 நிமிஷம்ங்கறது குறைஞ்சபட்ச அளவா ஆச்சு, 2024ல அமெரிக்க டாக்டர்கள் சங்கங்கள் அத சராசரி 8 நிமிஷமா உயர்த்திட்டாங்க.

அதே மாதிரி ஒவ்வொரு டாக்டருக்கும் ஏடிஆர்னு ஒரு அளவு இருக்கு, அவரு ஸ்கிரீனிங்க்கு பாக்கற நூறு பேர்ல எத்தன பேருக்கு ஒரு அடினோமாவாவது கண்டுபிடிக்கறாருங்கறது. போலந்துல 45,000 பேர வெச்சு பாத்து 2010ல வந்த ஆராய்ச்சில இந்த அளவு 20க்கு கீழ இருந்த டாக்டர்கள் கிட்ட பாத்தவங்களுக்கு இன்டர்வல் கேன்சர் வர்றது ரொம்ப அதிகமா இருந்துச்சு. கலிஃபோர்னியால மூணு லட்சத்துக்கு மேல கொலோனோஸ்கோபிய வெச்சு 2014ல பாத்தப்ப, இந்த அளவு ஒரு சதவீதம் கூடினா இன்டர்வல் கேன்சர் மூணு சதவீதம் குறையுதுன்னு தெரிஞ்சுச்சு. கொலோனோஸ்கோபில இதுக்கு மேல நேரடியான தரக் கணக்கு இருக்கற மாதிரி எனக்கு தெரியல.

ஆனா நம்ம ஊர்ல போய் "சார் உங்க ஏடிஆர் எவ்ளோ"ன்னு கேட்டா முகம் மாறிடும், நமக்கும் வாய் வராது. தப்பே இல்ல, கேக்கலாம், நிறைய டாக்டர்கள் சந்தோஷமா பதில் சொல்லுவாங்க. கூச்சமா இருந்தா வேற மாதிரி கேளுங்க: டாக்டர், அம்மாவுக்கு வலது பக்கத்த ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாத்துருவீங்களா, சீகம் (பெருங்குடல் ஆரம்பிக்கற இடம்) வரைக்கும் போன போட்டோ ரிப்போர்ட்ல போடுவீங்களா, கிளீனிங் எப்படி இருந்துச்சுன்னு நம்பரா எழுதுவீங்களா. இந்த மூணையும் கேட்டாலே நாம விஷயம் தெரிஞ்சு வந்திருக்கோம்னு அவங்களுக்கு புரிஞ்சிடும். ரெண்டாவது தடவ நாங்க கேட்டப்ப அந்த டாக்டரம்மா பேனாவ கீழ வெச்சுட்டு "நல்ல கேள்விம்மா"ன்னு அக்காவ பாத்து சொன்னாங்க, ஒரு தாள்ல குடல் படம் வரைஞ்சு எங்கெங்க ரெண்டு தடவ பாப்பேன்னு காட்டினாங்க.

டெஸ்ட் முடிஞ்சு டாக்டர் சொல்றத பேஷன்ட் மட்டும் கேட்டா போதாது. மயக்க மருந்து வேலை செஞ்சிட்டு இருக்கும்போது கண்ண தொறந்து தலையாட்டி பதிலெல்லாம் சொல்லுவாங்க, ஒரு மணி நேரம் கழிச்சு ஒண்ணும் நினைவுல இருக்காது. கூட ஒருத்தர் பேப்பர் பேனாவோட நிக்கணும்.

இப்ப ரிப்போர்ட். நாமெல்லாம் கடைசி வரிய மட்டும் பாப்போம், நார்மல் ஸ்டடின்னு இருந்தா கவர்ல போட்டுடுவோம். அதுக்கு மேல இருக்கற வரிகள்ல தான் விஷயம் இருக்கு. முதல்ல எது வரைக்கும் போச்சுன்னு பாருங்க. பெருங்குடல் ஆரம்பிக்கற இடம் சீகம், அங்க அப்பென்டிக்ஸோட சின்ன வாய் தெரியும், சிறுகுடல் வந்து சேர்ற வால்வு தெரியும். அந்த ரெண்டுக்கும் போட்டோ இருந்தா கடைசி வரைக்கும் போயிருக்காங்கன்னு அர்த்தம். "ஹெப்பாட்டிக் ஃபிளெக்ஷர் வரை" அப்படின்னு எழுதிருந்தா கல்லீரல் கிட்ட இருக்கற வளைவோட நிறுத்திட்டாங்க, வலது பக்கம் பாக்கவே இல்லன்னு அர்த்தம், அது முழு டெஸ்ட் இல்ல.

அடுத்தது கிளீனிங். பாஸ்டன் ஸ்கேல்னு ஒண்ணு போடுவாங்க, குடல வலது, நடு, இடதுன்னு மூணா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3 மார்க். மொத்தம் 9. மொத்தத்த மட்டும் பாக்காதீங்க, ஒவ்வொரு பகுதியும் 2க்கு குறையாம இருக்கணும். 3, 3, 1ன்னு வாங்கினா மொத்தம் 7 வரும், பாக்க நல்லா தான் தெரியும், ஆனா அந்த 1 வலது பக்கத்துக்குன்னா அங்க பாக்கல மாதிரி தான். அம்மாவோட பழைய ரிப்போர்ட்ட ஆபரேஷனுக்கு அப்புறம் பீரோல இருந்து எடுத்து பாத்தேன். நம்பரே இல்ல. "பிரிபரேஷன் ஃபேர்"னு ரெண்டே வார்த்தை, நாலு போட்டோ, நாலும் எந்த இடம்னே எழுதல. ஃபேர்னா சுமார்னு அர்த்தம், அந்த சுமார் தான் ரெண்டு வருஷம் எங்களுக்கு நார்மலா இருந்துச்சு. குடல் சரியா சுத்தமா இல்லன்னா ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப எடுக்கணும்னு கைட்லைன் சொல்லுது, எங்களுக்கு யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல.

பாலிப் இருந்து எடுத்திருந்தா இன்னும் கவனமா பாக்கணும். எத்தனை, எவ்ளோ மில்லிமீட்டர், எந்த இடத்துல, முழுசா எடுத்தாங்களா துண்டு துண்டாவா, எடுத்தத டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்களா. பாலிப்ப எடுக்கறதுன்னா வேரோட போயிடுச்சுன்னு நாம நெனைக்கறோம், ஆனா 2013ல ஒரு ஆராய்ச்சில எடுத்த இடத்த சுத்தி திரும்ப சதை எடுத்து பாத்தாங்க, 5ல இருந்து 20 மில்லிமீட்டர் பாலிப்கள்ல பத்துல ஒண்ணு முழுசா போகல, அந்த தட்டையான செரேட்டட் வகைல மூணுல ஒண்ணு கிட்ட மிச்சம் இருந்துச்சு. அதனால ரெண்டு சென்டிமீட்டர் அல்லது அதுக்கு மேல உள்ள பாலிப்ப துண்டு துண்டா எடுத்திருந்தா ஆறு மாசத்துல திரும்ப பாக்கணும். இது ரொம்ப முக்கியம், பாலிப் தான் எடுத்தாச்சேன்னு விட்றாதீங்க.

பயாப்ஸி ரிப்போர்ட் ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு வரும். நம்ம ஆளுங்க பாதிப் பேர் அத வாங்கவே போறதில்ல, போன் வரலன்னா நல்லது தான்னு நெனச்சுக்கறாங்க. போய் வாங்குங்க. அடுத்து எப்ப வரணும்ங்கறது அத வெச்சு தான் முடிவாகும். அமெரிக்கால 2020ல வந்த கைட்லைன் படி, நல்லா சுத்தமான குடல்ல ஒண்ணுமே இல்லன்னா 10 வருஷம், ஒரு சென்டிமீட்டருக்கு குறைவான சாதாரண அடினோமா ஒண்ணு ரெண்டுன்னா 7ல இருந்து 10 வருஷம், மூணு நாலுன்னா 3ல இருந்து 5 வருஷம், அஞ்சுல இருந்து பத்துன்னா 3 வருஷம். ஒரு சென்டிமீட்டரோ அதுக்கு மேலயோ இருந்தா, இல்ல பயாப்ஸில வில்லஸ்னோ ஹை கிரேட் டிஸ்பிளேசியான்னோ எழுதிருந்தா 3 வருஷம். மத்த நாட்டு கைட்லைன் கொஞ்சம் மாறும். இந்தியால கொலோனோஸ்கோபிக்கு நாடு முழுக்க ஸ்கிரீனிங் திட்டம் கிடையாது, பெரும்பாலும் தொந்தரவு வந்த பிறகு தான் எடுக்கறோம், அதனால தேதி வந்தா ஞாபகப்படுத்தி லெட்டர் அனுப்ப யாரும் இல்ல. தேதிய நாம தான் வெச்சுக்கணும்.

இப்ப நான் எழுத ஆரம்பிச்சதுக்கே காரணமான விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு டெஸ்ட்டுக்கு நடுவுல தொந்தரவு வந்தா அந்த 10 வருஷம், 3 வருஷம் எல்லாம் செல்லாது. அந்த கணக்கு எந்த தொந்தரவும் இல்லாதவங்களுக்கு போட்டது. மோஷன்ல ரத்தம், கருப்பா போறது, பல வருஷ பழக்கம் மாறி நாலஞ்சு வாரமா மலச்சிக்கலோ பேதியோ மாத்தி மாத்தி வர்றது, போயிட்டு வந்தும் இன்னும் இருக்கற மாதிரியே தோணுறது, காரணமில்லாம எடை குறையறது, வயித்துல விட்டு விட்டு வலி, இதுல எது வந்தாலும் போன வருஷம் தான் எடுத்தோம்னு நெனைக்காம போகணும்.

ரத்தம்னா நம்ம வீடுகள்ல உடனே மூலம் தான். துத்தி இலைய வதக்கி சாப்பிடு, காரத்த குறை, சேர்ல ரொம்ப நேரம் உக்காராத. மூலம் இருக்கறவங்களுக்கும் கேன்சர் வரும்ங்க, ரெண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், வெளிய தெரியற மூலத்த காட்டி உள்ள இருக்கறத மறந்துடக்கூடாது.

வலது பக்க கட்டில பெரும்பாலும் கண்ணுக்கு தெரியற ரத்தமே வராது. அங்க குடல் அகலம், மலம் தண்ணியா இருக்கும், அடைப்பும் சீக்கிரம் வராது, ரத்தம் சொட்டு சொட்டா கலந்து கலர் மாறாம போயிட்டே இருக்கும். வெளிய தெரியறது அசதி, மூச்சு வாங்கறது, வெளிறிப்போன கீழ் இமை, அம்மாவோட அந்த பச்சரிசி. இரும்புச்சத்து குறைஞ்சா அரிசி, மண்ணு, சாம்பல், ஐஸ்கட்டின்னு வாய் கேக்கும், அது ஒரு அறிகுறி தான், ஆசை இல்ல. மாதவிடாய் நின்ன பெண்களுக்கும், எந்த வயசு ஆம்பளைக்கும் ரத்தசோகை வந்து ஃபெரிட்டின் (உடம்புல சேத்து வெச்ச இரும்பு எவ்ளோன்னு காட்டற ரத்த டெஸ்ட்) 45க்கு கீழ இருந்தா இரும்புச்சத்து குறைவுன்னு எடுத்துக்கிட்டு மேல வயிறு, கீழ குடல் ரெண்டயும் கேமரா விட்டு பாக்கணும்னு கைட்லைன்ல இருக்கு. மாத்திரை குடுக்கறது சரி தான், ஆனா ரத்தம் எங்க போகுதுன்னு தேடாம மாத்திரை மட்டும் குடுத்துட்டு இருந்தா எங்களுக்கு நடந்தது தான் நடக்கும். டாக்டர் "இப்ப தான எடுத்தீங்க"ன்னு சொன்னா, கோபப்படாம பழைய ரிப்போர்ட்ட அவர் முன்னாடி வெச்சு "டாக்டர், இதுல கிளீனிங் சரியில்லன்னு போட்டிருக்கு, சீகம் போட்டோவும் இல்ல, இத நம்பி இருக்கலாமா"ன்னு கேளுங்க. அந்த பேப்பர் பேசும். சரின்னு வரலன்னா இன்னொரு குடல் டாக்டர் கிட்ட போங்க, அதுல யாருக்கும் மரியாதை குறைவு கிடையாது.

சில குடும்பங்களுக்கு இந்த கணக்கே வேற. லின்ச் சின்ட்ரோம்னு பரம்பரையா வர்றது ஒண்ணு இருக்கு, அதுல பாலிப் கேன்சரா மாற சாதாரணமா ஆகற பத்து வருஷம் கிட்டத்தட்ட ரெண்டு மூணு வருஷமா சுருங்கிடலாம், அதனால அவங்களுக்கு இருபது, இருபத்தஞ்சு வயசுல இருந்தே ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ எடுக்கணும். பெருங்குடல் கேன்சர், கர்ப்பப்பை உள்சுவர் கேன்சர் ரெண்டும் ஒரே வீட்ல வந்திருந்தா, அதுவும் ஐம்பதுக்கு முன்னாடி வந்திருந்தா, கண்டிப்பா சொல்லுங்க. கேன்சர்னு ஆபரேஷன் பண்ணினா அந்த கட்டிலயே எம்எம்ஆர் டெஸ்ட் பண்ண சொல்லி கேளுங்க, நாலு புரதம் இருக்கா இல்லையான்னு பாப்பாங்க, ஒண்ணு இல்லன்னா அது லின்ச்சா இருக்கலாம். அம்மாவுக்கு அதுல எம்எல்ஹெச்1 இல்லன்னு வந்து நாங்க நடுங்கிட்டோம், அப்புறம் கட்டில செஞ்ச பிஆர்ஏஎஃப்ங்கற ஜீன் டெஸ்ட்ல அது பரம்பரை இல்ல, அந்த தட்டையான செரேட்டட் பாலிப் வழியா வந்த வகைன்னு டாக்டரம்மா விளக்கினாங்க. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மாதிரி குடல் அழற்சி உள்ளவங்களுக்கும் நோய் ஆரம்பிச்ச எட்டு வருஷத்துல இருந்து தனி அட்டவணை உண்டு, உங்க டாக்டர் கிட்ட கேட்டு எழுதி வாங்குங்க.

கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்களுக்கு என்னன்னா, அப்பா அம்மா அண்ணன் தம்பி அக்கா தங்கச்சில ஒருத்தருக்கு அறுபது வயசுக்கு முன்னாடி வந்திருந்தா நாற்பது வயசுலயோ, இல்ல அவங்களுக்கு வந்த வயசுக்கு பத்து வருஷம் முன்னாடியோ, எது முதல்ல வருதோ அப்ப ஆரம்பிச்சு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ. அறுபதுக்கு மேல வந்திருந்தா நாற்பதுல ஆரம்பிச்சு மத்தவங்க மாதிரி. அம்மாவுக்கு வந்தப்ப வயசு 63, அக்காவுக்கு இப்ப 42.

போன மாசம் அக்காவுக்கு எடுத்தோம். காலைல நாலரைக்கு அவள எழுப்பி மருந்து ஊத்திக் குடுத்தது அம்மா தான், கலர் வெளிர் மஞ்சளாச்சான்னு பாத்ரூம் வாசல்ல நின்னு கேட்டதும் அம்மா தான். ரிப்போர்ட்ல பாஸ்டன் ஸ்கேல் 3, 3, 2, அந்த 2 வலது பக்கம். அப்பென்டிக்ஸ் வாய் போட்டோ தெளிவா இருக்கு. இடது பக்கம் 4 மில்லிமீட்டர்ல ஒரு பாலிப், முழுசா எடுத்து அனுப்பினாங்க, பயாப்ஸில சாதாரண டியூபுலர் அடினோமா, 7 வருஷம் கழிச்சு வரச்சொன்னாங்க. எழுந்த உடனே டாக்டரம்மா சொன்னதுல ஒரு வார்த்த கூட அக்காவுக்கு ஞாபகம் இல்ல. அம்மா எல்லாத்தையும் பால் கணக்கு நோட்டோட பின்பக்கத்துல எழுதி வெச்சிருந்தாங்க, வீட்டுக்கு வந்ததும் அந்த தாள கிழிச்சு ரிப்போர்ட்டோட சேத்து பின் அடிச்சு, ஃபைல் மேல அக்கா பேரையும் அடுத்து போக வேண்டிய வருஷத்தையும் பெரிய எழுத்துல எழுதினாங்க.